உடைத்தானா, உடைத்துக்கொண்டிருந்தானா? ஒரு ‘இங்’ படுத்திய பாடு: மூன்று பேர் சொன்னது

நான் வேலை பார்த்த குடோனில் ஒரு ராத்திரி பூட்டை உடைத்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது ஒருத்தன் பூட்டோடு மல்லுக்கட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது, செக்யூரிட்டியைக் கூப்பிட ஓடினேன், திரும்பி வந்தால் ஆளும் இல்லை பூட்டும் இல்லை. மறுநாள் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ‘ஐ சா ஹிம் பிரேக் த லாக்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, “அப்போ பூட்டு உடையறவரை நின்னு பார்த்துட்டு இருந்தீங்களா? ஏன் சத்தம் போடலை?” என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. சா, ஹெர்ட், வாட்ச்ட் இதற்கெல்லாம் பின்னால் வெறும் ‘பிரேக்’ வந்தால் முழுச் சம்பவத்தையும் பார்த்ததாக அர்த்தமாம். ‘பிரேக்கிங்’ என்றால் நடுவில் ஒரு துண்டைப் பார்த்தேன், அவ்வளவுதான், முடிந்ததா என்பது வேறு கதை. ‘இங்’ சேர்த்து வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

*

டியூஷனில் நான் சொல்வது: ‘ஐ சா ஹிம் டிரவுனிங்’ என்றால் குதித்துக் காப்பாற்ற இன்னும் நேரமிருக்கிறது, ‘டிரவுன்’ என்றால் ஆள் போய்விட்டான். பையன்கள் இதை மறப்பதே இல்லை. யோசித்தால் தமிழிலும் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. ‘அவர் சொல்லக் கேட்டேன்’, ‘அவள் பாடக் கேட்டேன்’ என்கிறோமே, அந்தச் ‘சொல்ல’வும் ‘பாட’வும் கிட்டத்தட்ட அந்த வெறும் வினைதான். கேட்பதோடும் காண்பதோடும் நன்றாக ஒட்டும். ஆனால் ‘பார்’ போட்டால் கெட்டது, ‘விழப் பார்த்தான்’ என்றால் விழாமல் தப்பித்தவன்!

*

என் கதை வேறு. ‘சா’வுக்குப் பின்னால் ‘டு’ வராது என்று தெரியாமல் ‘ஐ சா ஹிம் டு கோ’ என்று எழுதி எழுதித் திட்டு வாங்கி, ‘டு’வைக் கண்டாலே அடிக்கிற பழக்கம் வந்துவிட்டது. போட்டித் தேர்வில் ‘ஹி வாஸ் சீன் டு என்டர்’ என்று இருந்தது, அதிலும் அடித்தேன். செயப்பாட்டு வினையில் அந்த ‘டு’ திரும்பி வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மார்க் போச்சு.

அப்புறம் ஹாஸ்டலில் ஒரு நாள் ‘ஐ ஸ்மெல் சம்திங் பர்ன்’ என்றேன். ரூம்மேட் ஆங்கில இலக்கிய மாணவி. ‘ஸ்மெல்’லுக்குப் பின்னால் ‘பர்னிங்’ மட்டும்தான் வரும், வாசனை வரும்போது எரிந்துகொண்டுதானே இருக்கும் என்று பொறுமையாக விளக்கினாள். விளக்கி முடித்தபின் போய்ப் பார்த்தால் பால் பாத்திரம் கரியாகியிருந்தது.