மறு: சூடோசூக்கியா – ‘போலிமுதலை’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், முதலைகளும் அவற்றின் அழிந்துபோன உறவுகளும் அடங்கிய ‘சூடோசூக்கியா’ என்ற குழுவுக்குப் ‘போலிமுதலை’ பொருந்துமா என்பதே கேள்வி. ‘போலிமுதலை’ நேர்ப்பெயர்ப்பு, ஆனால் இன்றைய பொருளுக்கு நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லுயிரியலாளர் சிட்டல் பெயர் சூட்டியபோது அக்குழுவில் உண்மையான முதலைகள் இல்லை. ஏட்டோசார் என்ற அழிந்த ஊர்வன போல முதலைச் சாயல் கொண்டவையே இருந்தன. இப்போதைய வரையறை: பறவைகளைவிட முதலைகளுக்கு நெருங்கிய ஆர்க்கோசார்கள் (முதலை, டைனோசார், பறவை அடங்கிய பெருங்கிளை) அனைத்தும். அதாவது முதலையும் உள்ளே. ‘சூடோ’ (போலி) என்ற கிரேக்க வேர், படிப்பவர் கண்ணில் படாது. தமிழில் ‘போலி’ முகத்தில் அறையும். “முதலை ஒரு போலிமுதலை” என்று பாடநூலில் அச்சாகிவிடும்!

‘முதலைவழி’ என்கிறேன். எதிர்க்கிளைக்குப் ‘பறவைவழி’.

உட்பிரிவுகளில்தான் சிக்கல். முதலைகளும் நெருங்கிய தொல்லுறவுகளும் அடங்கிய குரோக்கடைலோமார்ஃபா, அதற்குள் இன்னும் குறுகிய குரோக்கடைலிஃபார்மிஸ்: மார்ஃபாவும் ஃபார்மிஸும் தமிழில் ‘உருவம்’ என்றே முடியும். முன்னதை ‘முதலையுருவி’, பின்னதை ‘முதலைவடிவி’ எனலாமா?

—

அம்மா, ‘முதலைவழி’ எனக்குச் சம்மதம். ‘உருவி’ வேண்டாம், முதலையின் தோலை உருவுகிறவர் என்று படிக்க இடமுண்டு. ‘முதலையொப்பன’, அதற்குள் ‘முதலைவடிவின’ என்று வைப்போம். புதைபடிவ விலங்குகளில் புரோட்டோசூக்கஸ் இரண்டிலும் அடங்கும்; டெரஸ்ட்ரிசூக்கஸ் முதலாவதில் மட்டும்.

டெரஸ்ட்ரிசூக்கஸ் போன்ற ஸ்பீனோசூக்கியன்களுக்கு ‘ஆப்புமுதலை’ என்று பட்டியலில் இருப்பதை எடுத்துவிடலாம். ‘ஸ்பீன்’ ஆப்புதான், ஆனால் அந்தச் சொல் விலங்கைப் பற்றி எதையும் சொல்லவில்லை (‘ஆப்பு வைத்தான்’ வேறு நினைவுக்கு வருகிறது). வேல்ஸில் கிடைத்த டெரஸ்ட்ரிசூக்கஸ், அரிசோனாவின் ஹெஸ்பெரோசூக்கஸ் எல்லாம் மெலிந்த உடல், உடலுக்கு நேர்கீழே ஊன்றிய நீண்ட கால்கள் கொண்ட தரைவாழ் வேட்டையாடிகள். குறிஞ்சிப்பாட்டு “கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்” என்கிறது. கொடுந்தாள் என்றால் வளைந்த கால். அதற்கு எதிராக ‘நேர்தாள் முதலை’ என்றால் படிப்பவர் மனதில் உருவம் நிற்கும்.

கராம், இடங்கர் என்ற முதலை வகைப் பெயர்கள் இரண்டையும் தொல்முதலைகளுக்குக் கொடுக்கும் யோசனையை இதே அடி தடுக்கிறது. மூன்றும் புலவர் காலத்து நீர்நிலையில் திரிந்தவை. வாழும் விலங்கின் பெயரைப் பிடுங்கிப் புதைபடிவத்துக்கு வைக்கக் கூடாது.

—

‘நேர்தாள்’ அழகு, ஐயா. ஒரு தடை: போஸ்டோசூக்கஸ் போன்ற ராயிசூக்கியன்களுக்கும் (முதலைவழியின் வேறு வேட்டையாடிகள்) கால் நேர்கீழேதான், அவை முதலையொப்பன அல்ல. தவிர, ஸ்பீனோசூக்கியன்கள் ஒரே கிளையும் அல்ல, முதலைவடிவின நோக்கி அடுத்தடுத்துப் பிரிந்தவற்றின் படிநிலை. ஆகவே ‘நேர்தாள் முதலை’யைப் பொதுக்கட்டுரைக்கு வைத்துக்கொண்டு, வகைப்பாட்டில் ‘முதலைவடிவின அல்லாத முதலையொப்பன’ என்றே எழுதுவோம். நீளம்தான், பிழை வராது.

பேரினப் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தால் போதும். தெலங்கானாவின் மலேரி படிவுகளில் கிடைத்த பாராசூக்கஸைப் ‘பக்கமுதலை’ ஆக்கினால் முதலையின் நெருங்கிய உறவு என்று தோன்றும். அது ஃபைட்டோசார் என்ற முதலைச் சாயல் கொண்ட தொல் ஊர்வன, மூக்குத் துளைகள் மூக்குநுனியில் இல்லாமல் கண்ணருகே இருக்கும். 2011இல் தொல்லுயிரியலாளர் நெஸ்பிட்டின் ஆய்வு ஃபைட்டோசார்களை ஆர்க்கோசார் கிளைக்கே வெளியில் வைத்தது.