கடைசிப் பத்துப் பக்கங்கள்: ஒரு மாத நாவல் வாசிப்புக்குப் பின் ஓர் ஐயம்

தாம்பரம் வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். நான் தீவிர வாசகன் அல்லன். ஆண்டுக்கு ஒன்றிரண்டு நூல்களைப் புரட்டுவதோடு சரி. சென்ற மாதம் முழுவதும் புனைகதை மட்டுமே படிப்பது என்று வைத்துக்கொண்டு, அலுவலகத்திற்குப் போய்வரும் மின்சார ரயிலில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, பூமணியின் ‘வெக்கை’, தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆகியவற்றை இதே வரிசையில் படித்து முடித்தேன்.

நான்கும் என்னை உள்ளே இழுத்துக்கொண்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் நான்கிலும் எனக்கு இடறியது கடைசிப் பத்துப் பக்கங்களில்தான். ‘வெக்கை’யில், அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட நினைத்த சிறுவன் சிதம்பரம் ஆளையே கொன்றுவிடுகிறான், தந்தையும் மகனும் எட்டு நாள் ஒளிந்து திரிந்துவிட்டு, நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படும்போது நூல் முடிந்துவிடுகிறது. என்ன தண்டனை கிடைத்தது, பகைக்குக் காரணமான நிலம் என்ன ஆயிற்று, வீட்டுப் பெண்களின் கதி என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘தண்ணீர்’ நாவலிலும் நாயகி ஜமுனாவின் சிக்கல் எதுவும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. நம் நல்ல நாவல்கள் முடிவைத் தவிர்ப்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றனவா, அல்லது எனக்குத்தான் திரைப்படம் பார்த்துப் பழகிய கண்ணா? இந்த மாதமும் படிக்க எண்ணியிருப்பதால், அடுத்து எதை எடுக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரிசல்காட்டான்:

‘வெக்கை’யைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவற்றை நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நாவல் கொலையில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வழக்கமான பழிவாங்கும் கதையில் உச்சக்கட்டமாக வரவேண்டிய செயல் இங்கே முதல் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பூமணி கேட்பது, இந்தப் பையனை இனி அவன் வீடு எப்படித் தாங்கப்போகிறது என்பதை மட்டும்தான். தந்தை அவனை அடிக்கவில்லை, பெரிதாகப் பாராட்டவும் இல்லை. எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும் என்ற கவலையோடு அவனை அழைத்துக்கொண்டு அலைகிறார். ஓடையிலும் மலையடிவாரத்திலும் கழியும் அந்த நாள்களில் இருவரும் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் அண்ணனின் சாவும் நிலத் தகராறும் துண்டுதுண்டாக வெளிவருகின்றன. எட்டு நாள்களில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஆகவே நூலும் முடிகிறது. நீதிமன்றத்துக்குள் நுழைந்திருந்தால் அது வழக்கறிஞர்களின் கதையாகியிருக்கும்.

1982இல் வெளிவந்த இந்த நாவலைத் தழுவி 2019இல் ‘அசுரன்’ வந்தது. படத்தில் தந்தைக்கு ஒரு பெரிய இளமைக்காலக் கதை சேர்க்கப்பட்டிருக்கிறது. திரைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். நாவலுக்கு அது தேவைப்படவில்லை என்பதே என் கருத்து.

மயிலைவாசி:

‘அம்மா வந்தாள்’ நாவலுக்கு முடிவு இல்லை என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று வியக்கிறேன். தன் வாழ்க்கையில் நேர்ந்ததற்கெல்லாம் கழுவாயாக தன் மகன் அப்பு என்ற இந்த ஒரு பிள்ளையையாவது வேதம் படித்தவனாக, அப்பழுக்கற்றவனாக ஆக்கிவிட வேண்டும் என்று அலங்காரத்தம்மாள் எண்ணியிருந்தாள். அவனோ காவிரிக்கரைப் பாடசாலையில் இளம் விதவை இந்துவோடு தங்கிவிடுகிறான். நீயும் அம்மாவின் பிள்ளைதான் என்று அவள் உணர்ந்துகொண்டு காசிக்குக் கிளம்பும் இடத்தைவிடத் தீர்மானமான முடிவைத் தமிழில் நான் அதிகம் படித்ததில்லை. அப்பு யாரோடு வாழ்ந்தான், ஊர் என்ன சொல்லிற்று என்பது வேறு கதை.

‘தண்ணீர்’ குறித்து நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் தொடக்கத்தில் சாகத் துணிந்த ஜமுனா, டீச்சரம்மாவின் வீட்டுக்குப் போய் அவள் படும் பாட்டைக் கேட்டுவிட்டு வந்த பிறகு வாழத் துணிகிறாள். அந்த மாற்றத்தை ஆசிரியர் பறைசாற்றவில்லை. மாநகராட்சி ஆட்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருப்பதையும், குழாய் நீரில் சாக்கடை கலப்பதையும், பெண்கள் குடத்தோடு அலைவதையும் சொல்லுகிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டுப் போகிறார். வேகமாகப் படித்தால் நழுவிவிடும். ரயிலில் படிக்கத் தோதான நூல் அன்று என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற நூலகர்:

மேலே இருவரும் எழுதியதை ஏற்றுக்கொண்டாலும், கேள்வி கேட்டவர் பக்கம் நிற்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலே ஒரு முடிவின் மீதான மறுபரிசீலனைதான். ஜெயகாந்தன் முதலில் எழுதியது ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை. மழை மாலையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிக் கெட்டுவிட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்வதோடு அது முடியும். ஆனந்த விகடனில் அது வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. நாவலில் அவர் அந்த முடிவைத் திருப்பிப் போட்டார்: நாயகி கங்காவின் தாய் ஊரைக் கூட்டி அலறுகிறாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுகதையையே கங்கா படித்து, தன் தாய் மட்டும் இப்படி நடந்துகொண்டிருந்தால் என்று நினைக்கும்படி செய்திருப்பது தமிழில் அபூர்வமான உத்தி.

இத்தனை செய்தும் நாவலின் கடைசியில் கங்காவைக் குடிப்பழக்கத்தில் கொண்டுபோய் விட்டது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல்தான். இருந்தாலும் அந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார் என்றே சொல்வேன். அவருக்கும் மனம் அடங்கவில்லை போலும். பின்னர் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று தொடர்ச்சி எழுதினார்.

தாம்பரம் வாசகன்:

மிக்க நன்றி. மயிலைவாசி சொன்ன டீச்சரம்மாவின் அத்தியாயத்தை நேற்றிரவு வீட்டில் மீண்டும் படித்தேன். அவர் சொன்னது புரிகிறது. ‘வெக்கை’ விஷயத்தில் மட்டும் என் மனம் இன்னும் ஆறவில்லை. நிலம் யாருக்குப் போயிற்று என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருக்கிறது. நூலகர் ஐயாவிடம் ஒரு கேள்வி: தொடர்ச்சியை உடனே படிக்கலாமா?

ஓய்வுபெற்ற நூலகர்:

முதலில் சிறுகதையைப் படியுங்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும். தொடர்ச்சிக்குச் சிறிது இடைவெளி விடலாம். இடையில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ படித்துப் பாருங்கள். 1964இல் வந்த சிறிய நாவல். குமரிப் பகுதிப் பனைவிளையில் நொடித்துப்போன பழைய குடும்பத்துப் பெண் லிஸியும் பனையேறி குடும்பத்துத் தங்கராஜும் பல இன்னல்களுக்குப் பின் திருமணம் செய்துகொள்கிறார்கள். முடிவு வேண்டும் என்றீர்கள் அல்லவா, அதில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. வீடும் கை மாறுகிறதா இல்லையா என்பதை நான் சொல்லப்போவதில்லை.

கரிசல்காட்டான்:

‘புத்தம் வீடு’ நல்ல தேர்வு. வட்டார வழக்கு முதல் சில பக்கங்களில் கொஞ்சம் மிரட்டும்; வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். ரயிலில் அதற்கு வசதி இருக்குமா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.