டிரெய்லர்ல (கார் பின்னால இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) தண்ணி பம்பு தானா ஓடுது, அவசரம்

ஊர்சுத்தி:
எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கு. ஆனா பம்பு டர்ர்னு ஒரு செகண்டு ஓடி நிக்குது, கொஞ்ச நேரத்துல மறுபடியும். ராத்திரி தூக்கமே இல்ல. எங்கயும் ஈரம் இல்ல. புது பம்பு மாத்திடலாமா? சுடுதண்ணியும் ரெண்டு நாளா வெதுவெதுன்னுதான் வருது. கேஸ் தீர்ந்திருக்கும், அதை அப்புறம் பாத்துக்கறேன்.

பன்னிரண்டு வோல்ட்:
கொஞ்ச நேரம்னா எவ்வளவு? வண்டி டேங்க் தண்ணியா, வெளிக் குழாய்ல மாட்டின ஹோஸா? ஹீட்டர் சூடாகும்போது மட்டுமா, எப்பவுமேவா?

நட்டுபோல்ட்டு:
பம்புதான், சந்தேகமே வேண்டாம். உள்ள இருக்கிற ஒருவழி வால்வுல மணல் சிக்கினா தண்ணி டேங்குக்கே திரும்பிடும். அதான் ஈரம் தெரியல. பம்புக்கு முன்னாடி இருக்கிற வடிகட்டிக் கிண்ணத்தைக் கழட்டி அலசுங்க. மாட்டும்போது ரப்பர் வளையம் சரியா உக்காரணும். இல்லன்னா காத்து இழுத்து பம்பு நிக்காம ஓடும்.

கறார்:
மாசம் ஒருத்தர் இதையே கேக்கறீங்க. பழைய இழையைத் தேடிப் படிக்கிற வழக்கமே போயிடுச்சு. அழுத்தம் குறைஞ்சா பம்பு ஓடும், அது அதோட வேலை. பெரும்பாலான பம்பு 55 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் நின்னு, 40 பக்கம் இறங்கினா ஓடும். தண்ணி சுருங்காது, அதனால நாலு சொட்டு போனாலே அழுத்தம் சரிஞ்சிடும்.
பம்பு வெளிவாயைக் கழட்டி, அதுல அரை இஞ்ச் மூடி போட்டு ஸ்விட்சைப் போடுங்க. நின்னு, அரை மணி நேரம் அசையலன்னா பம்பு நல்லா இருக்கு, கசிவு பைப்ல. மூடி போட்டும் ஓடினா பம்பு. இதைப் பாக்காம பம்பு வாங்கறது வீண் செலவு.

ஊர்சுத்தி:
டேங்க் தண்ணிதான். 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஹீட்டர் அணைச்சாலும் ஓடுது. அரை இஞ்ச் மூடி கைல இல்ல.

குழாய்வித்தை:
சின்ன அழுத்தத் தொட்டி ஒண்ணு வெச்சிடுங்க. பம்பு திரும்ப ஓடத் தொடங்கற அழுத்தத்துக்கு 2 பிஎஸ்ஐ கம்மியா காத்து அடைச்சா போதும், சத்தம் அடங்கிடும்.

கறார்:
அடங்காது, 10 நிமிஷம் ஒரு மணி நேரமாகும், அவ்வளவுதான். கசிவு அப்படியே இருக்கும், தரைப் பலகை அழுகும்.

குழாய்வித்தை:
கசிவைத் தேடவேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. இணைப்புல எல்லாம் நாலு சுத்து டெஃப்லான் டேப் போட்டு ஸ்பேனரால இறுக்கிட்டுத்தான் வைக்கணும்.

பன்னிரண்டு வோல்ட்:
ஐயோ, டிரெய்லர் பைப் இணைப்புல இருக்கிற பிளாஸ்டிக் நட்டுல டேப்பா? அதுல அடைக்கிறது உள்ள இருக்கிற கூம்பு வாஷர், மரை இல்ல. கையால இறுக்கிட்டு கால் சுத்து போதும். ஸ்பேனர் போட்டா நட்டு வெடிச்சிடும். அப்புறம் நிஜமாவே ஒழுகும்.

குழாய்வித்தை:
இரும்பு மரைக்கு டேப் போடாம எப்படி?

பன்னிரண்டு வோல்ட்:
இரும்பைப் பத்தி யார் பேசினது?

மழைக்காகம்:
சண்டையை நிறுத்திட்டு முதல் பதிவைப் படிங்கப்பா. கேஸ் தீர்ந்தா பச்சைத்தண்ணி வரும், வெதுவெதுன்னு வராது. எங்கயோ பச்சைத்தண்ணி சுடுதண்ணியோட கலக்குது.
ஊர்சுத்தி, வெளிப்பக்கச் சுவர்ல ஷவர் பெட்டி இருக்கா? திறந்து பாருங்க. அங்க ரெண்டு குழாயும் திறந்தே இருந்து, கைப்பிடி பட்டனால மட்டும் தண்ணியை நிறுத்தியிருந்தா, ரெண்டு பைப்பும் அங்கயே சேர்ந்துடும். உள்ள சுடுதண்ணி திறக்கும்போது பச்சைத்தண்ணியும் அந்த வழியா வந்துடும். அந்தப் பட்டன் தண்ணியை முழுசா அடைக்காது, சொட்டும். சொட்டறது பெட்டி வழியா வெளிய போயிடறதால உள்ள ஈரம் தெரியாது. ரெண்டு குழாயையும் மூடிட்டு, பட்டனை அழுத்தி மிச்சத் தண்ணியை வடிச்சிடுங்க.
அதுவும் இல்லன்னா டாய்லெட் கோப்பையைத் துடைச்சு, தண்ணி இறங்கற இடத்துல டிஷ்யூ ஒட்டி வைங்க. காலைல நனைஞ்சிருந்தா வால்வு சீல் போயிருக்கு. மூடி தேவைப்படாத சோதனையும் ஒண்ணு இருக்கு: பம்பை அணைச்சு, அழுத்தக் குறைப்பான் போட்டு வெளி ஹோஸ் மாட்டுங்க. டேங்க் மட்டம் தானா ஏறினா நட்டுபோல்ட்டு சொன்ன ஒருவழி வால்வுதான்.

கறார்:
இதைத்தான் நானும் சொன்னேன், கசிவு பைப்லன்னு.

ஊர்சுத்தி:
ஷவர் பெட்டிதான். ரெண்டு குழாயும் திறந்திருந்துச்சு, அடியில பாசியே பிடிச்சிருக்கு. மூடிட்டேன், ராத்திரி சத்தமே இல்ல. நன்றி.

மழைக்காகம்:
சுடுதண்ணி சரியாச்சா? அதையும் சொல்லுங்க.

நட்டுபோல்ட்டு:
எதுக்கும் வடிகட்டியை ஒரு தடவை அலசிடுங்க.