யூனியன்ல முக்காவாசி பொம்பளையளு, முடிவெடுக்கது மட்டும் ஆம்பளையளு. என்ன செய்யலாம்?

கருங்கல்காரி:
எனக்க அம்மா இருபத்திரெண்டு வருசமா அண்டியாபீசுல, அதான் முந்திரி கம்பெனில, பீலிங் (பருப்புத் தோல் உரிக்கது), நானும் அங்கதான் கிரேடிங்ல (தரம் பிரிக்கது) நிக்கேன். சந்தா குடுக்கதுல பத்துக்கு ஒன்பது பேரு பொம்பளையளு, ஆனா கமிட்டில ஒரே ஒரு அக்கா, அவங்களையும் மினிட்ஸ்ல கையெழுத்து வாங்க மட்டும்தான் கூப்பிடுவாங்க. கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு ஜங்ஷன்ல மாடி ரூம்ல. அந்த நேரம் நாங்க அடுப்படில நிக்கணும், எப்படி போக? இந்த மாசம் கூலி ஒப்பந்தம் பேசப் போறாங்க. வறுக்குற இடத்துல ஆம்பளையளுக்கு நாள் கூலி, எங்களுக்கு கிலோ கணக்கு, பருப்பு ஒடஞ்சா அதுலயும் கழிவு. வேற சோலி அதனால வேற கூலின்னு மேனேஜர் சொல்லது போகட்டும், யூனியன் அண்ணனும் அதையே சொல்லுகாரு. "பொம்பளைங்க பிரச்சனைய பொறவு பேசலாம், முதல்ல கூலி"ன்னு. எங்க கூலி கூலி இல்லியா? என்ன கேக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குழித்துறை தாத்தா:
மக்ளே, நான் பழைய யூனியன் செயலாளர். நீ சொன்ன தப்பெல்லாம் நாங்களும் செஞ்சதுதான். கிலோவுக்கு எத்தன பைசா கூட்டணும்னு விடிய விடிய பேசுவோம், தராசு பக்கம் ஒருத்தனும் போனதில்ல. நிறுக்கது ஒரு ஆம்பள, எழுதது ஒரு ஆம்பள, ஈரம்னு சொல்லி ஆளுக்கு கொஞ்சம் கொறப்பான். ஒரு நாள் வயசான ஒரு அம்மா கேட்டா, "கூலிய கூட்டிட்டு தராசுல எடுத்துக்கிடுவான், இதுக்கு எதுக்கு சார் ஒப்பந்தம்?" எனக்கு மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிட்டு. அடுத்த ஒப்பந்தத்துல தராசு பக்கத்துல தொழிலாளி பொம்பளை ஒருத்தி நிக்கணும்னு எழுதி வாங்கினோம். மத்தபடி, சம கூலி சட்டம் 1976லயே வந்தது. ஒரே வேலைக்கு மட்டும் இல்ல, ஒரே தன்மையுள்ள வேலைக்கும் சேத்துதான். ஆனா செக்‌ஷன் பேர மாத்தி வச்சா நிரூபிக்கது கஷ்டம், அதனால ஒப்பந்தத்துலயே புடிங்க. கிலோ கணக்குல எவ்வளவு கிடைச்சாலும் ஒரு நாளைக்கு குறைஞ்சபட்ச கூலிக்கு கீழ போகக்கூடாதுன்னு எழுதச் சொல்லு.

வடசேரி பொண்ணு:
நான் ஜவுளிக்கடை. உக்கார இருக்கை குடுக்கணும்னு 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டம் வந்துது, கேரளால 2018லயே வந்தாச்சு. எங்க கடையிலயும் ஸ்டூல் வந்துது. அதுமேல இப்போ துணி பண்டல் இருக்கு. யூனியன் இல்ல, எடுத்து வைன்னு சொல்ல ஆளில்ல. உங்களுக்கு யூனியனாவது இருக்கேக்கா.

ரப்பர் பால்:
எல்லாத்துலயும் ஆம்பள பொம்பளன்னு பிரிச்சா மொதலாளிக்குதான் கொண்டாட்டம். ஒத்துமையா நிக்கணும் பாத்துக்கிடுங்க.

மலையேறி:
@ரப்பர் பால் அண்ணாச்சி, ஏழு மணி கூட்டம் வச்சு பிரிச்சது யாரு? 2015 செப்டம்பர்ல மூணாறு தேயிலை தோட்டத்துல என்ன நடந்துது? போனஸ 20 சதவீதமா ஆக்கணும்னு பொம்பளையளு ரோட்டுல உக்காந்தாங்க, முக்காவாசி நம்ம தமிழ் சனம்தான், யூனியன் தலைவருங்கள கிட்ட விடல. பெம்பிளை ஒருமைன்னு (பொம்பளையளு ஒத்துமை) பேரு வச்சு போனஸ வாங்கிட்டுதான் எழும்பினாங்க. 232 ரூவா நாள் கூலி பின்னால 301 ஆச்சு, கேட்டது 500. யூனியன் காதுகொடுத்திருந்தா தனியா போக வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தக்கலை:
கருங்கல்காரி, இன்னும் ரெண்டு விஷயம். பத்து பேரு வேல செய்ற இடம்னா பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளக கமிட்டி இருக்கணும், 2013 சட்டம். தலைவர் பொம்பளையா இருக்கணும், பாதி உறுப்பினராவது பொம்பளையா இருக்கணும், வெளியாள் ஒருத்தர் வேணும். பேரு போர்டுல ஒட்டிருக்கான்னு பாருங்க, பல இடத்துல ஆபீஸ் பைல்ல மட்டும் இருக்கும். புகார் குடுக்க மூணு மாசம்தான் டைம், அதையும் எல்லாருக்கும் சொல்லி வைங்க. அப்புறம் ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளிக்கான அரசு காப்பீடு. பிரசவ காச அவங்க குடுக்கணும்னா முந்தின ரெண்டு ஆறு மாச கட்டத்துல 70 நாளாவது உங்க பேருல ஈஎஸ்ஐ சந்தா ஏறிருக்கணும், ரிஜிஸ்டர்ல நாள கொறச்சு எழுதினா போச்சு. யூனியன் அத மாசா மாசம் செக் பண்ணனும், குழந்தை பிறந்தப்புறம் ஓடி பிரயோசனம் இல்ல.

கருங்கல்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூட்டத்த சோத்து நேரத்துல கம்பெனி வாசல்ல வைக்கணும்னு எழுதி நாப்பத்தாறு பேரு கையெழுத்தும் கைநாட்டும் போட்டாச்சு, அண்டிக் கறை பட்டு பாதி பேருக்கு ரேகை சரியா விழல. தாத்தா, தராசு விஷயத்த அம்மைட்ட சொன்னேன். யாரு நிக்கதுன்னு இப்பவே அங்க சண்டை, அம்மைக்கு கண்ணு சரியா தெரியாது, ஆனா நான்தான் நிப்பேன்னு ஒரே பிடிவாதம்.