மறு: ‘குழப்பும் காரணி’ – வேறு சொல் கிடைக்குமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆய்வில் சிகிச்சையோடும் விளைவோடும் உறவு வைத்துக்கொண்டு ஒப்பீட்டைத் திசைதிருப்பும் மூன்றாவது காரணிக்கு ஆங்கிலத்தில் ‘கன்ஃபவுண்டர்’ என்று பெயர். தமிழில் அதற்குக் ‘குழப்பும் காரணி’ போதும், அதுதான் ஏற்கெனவே புழங்குகிறதே என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாதிச் சிக்கல் என் ஊரால் வந்தது.

நான் இருப்பது கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், வகுப்பில் இங்கிலீஷ். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு, பிரச்சினை. ‘குழப்பமில்ல’ என்றால் பரவாயில்லை என்று பொருள். போன வாரம் முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு, ‘இந்த ஒப்பீட்டில் வயது ஒரு குழப்பும் காரணி’ என்று பலகையில் எழுதினேன். உடனே ஒரு மாணவி, “வயசுல என்ன சார் குழப்பம்? பிறந்த தேதியைத் தப்பாப் பதிஞ்சுட்டாங்களா?” என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளத்தில் 6, பீகாரில் 27. ஆனால் எல்லா வயதையும் சேர்த்த மொத்த இறப்பு விகிதத்தைப் பார்த்தால் பீகாரைவிடக் கேரளத்தில்தான் கூடுதல். பதிவில் பிழை கிடையாது, யாரும் குழம்பவும் இல்லை. கேரளத்தில் வயதானவர்கள் அதிகம், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பிலேயே அறுபதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம். குழப்பம் என்பது பார்க்கிறவர் தலைக்குள் நடப்பது. இதுவோ தரவுக்குள்ளேயே இருப்பது.

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘சேர்த்து ஊற்றுதல்’ என்று பொருள். இரண்டு விளைவுகள் ஒரே பாத்திரத்தில் விழுந்துவிட்டன, எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. ஆகவே கலப்பதைக் குறிக்கும் சொல்தான் வேண்டும்.

> ‘கலக்கி’ என்று சுருக்கமாக வைத்தால் என்ன?

ஐயா, நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் கடையில் ‘ஒரு கலக்கி’ என்றால் அரைவேக்காட்டு முட்டை தட்டில் வந்துவிடும்.

> திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் போல ‘மயக்கக் காரணி’ எனலாமே. மயக்கம் என்றால் கலத்தல்தானே.

இலக்கணப்படி மிகச் சரி. எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கப் போகிறவர்கள் மருத்துவ மாணவர்கள். அவர்களுக்கு மயக்கம் என்றால் மயக்க டாக்டர், மயக்க ஊசி. ‘அறுவை சிகிச்சை ஆய்வில் மயக்கக் காரணி’ என்று எழுதிப் பாருங்கள்.

சரி, என் பரிந்துரை: ‘விரவுக்காரணி’. நிகழ்வுக்கு ‘விரவல்’.

விரவுதல் என்றாலும் கலத்தல்தான். அதற்கு மேல் ஒன்று உண்டு. இலக்கணத்தில் விரவுப்பெயர் படித்திருப்போம். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. ஒரே பெயர் உயர்திணைக்கும் போகும், அஃறிணைக்கும் போகும். நாம் பேசும் காரணிக்கும் அதே இலட்சணம் வேண்டும். சிகிச்சையோடும் உறவு இருக்க வேண்டும், விளைவோடும் உறவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் அது விரவாது.

1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறுநீரகக் கல் ஆய்வில் இதைப் போட்டுப் பார்த்தேன். உடலைத் திறந்து செய்த அறுவையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு எடுத்ததில் 350க்கு 289, 83 சதவீதம். துளை முறையே மேல் என்று தோன்றும். இப்போது கல்லின் அளவுப்படி பிரித்துப் பாருங்கள். சிறிய கல்லில் திறந்த அறுவைக்கு 93, துளைக்கு 87. பெரிய கல்லில் 73, 69. இரண்டிலும் திறந்த அறுவைதான் முந்துகிறது! காரணம், பெரிய கல்காரர்களில் பெரும்பாலோர் திறந்த அறுவைக்குப் போயிருக்கிறார்கள்: அங்கே 263 பேர், துளை முறையில் 80 பேர்தான். கல்லின் அளவு எந்தச் சிகிச்சை என்பதையும் தீர்மானித்தது, சிகிச்சை பலிக்குமா என்பதையும் தீர்மானித்தது. ‘இந்த ஒப்பீட்டில் கல்லின் அளவு விரவியிருக்கிறது’ என்று வகுப்பில் சொன்னேன். இந்த முறை யாரும் பதிவேட்டைச் சந்தேகப்படவில்லை.

> உப்பு, இரத்த அழுத்தம், பக்கவாதம். இதில் அழுத்தம் விரவுக்காரணியா?

இல்லை அக்கா. உப்பு அழுத்தத்தைக் கூட்டி, பெரும்பாலும் அழுத்தம் வழியாகத்தான் பக்கவாதத்துக்குப் போகிறது. அது வழியில் நிற்பது, அதை ‘இடைக்காரணி’ எனலாம். அதையும் பிரித்துக் கழித்துவிட்டால், நாம் தேடும் விளைவையே கழித்தது போலாகிவிடும்.

> ‘பரவல்’, ‘விரவல்’ இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகின்றன.

இந்த மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிகழ்தகவுப் பரவல் (ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூஷன்) நடத்திய மறுநாளே விரவல் நடத்தினால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்தான். அதனால் தனியாக ‘விரவல்’ என்று விடாமல், முதல் சில வகுப்புகளுக்காவது ‘விரவுக்காரணி’ என்றே சொல்வதாக இருக்கிறேன்.

இன்னொன்று பாக்கி. வயது, கல்லின் அளவு போன்றவற்றின் பங்கைக் கழித்தபின் வரும் விகிதத்துக்குச் ‘சரிக்கட்டிய விகிதம்’ என்று பழைய குறிப்பொன்றில் பார்த்தேன். எங்கள் பக்கம் சரிக்கட்டுவது என்றால் ஆளைக் காசு கொடுத்து மடக்குவது. ‘விரவல் நீக்கிய விகிதம்’ என்று எழுதலாமா என்றால், அதுவும் கொஞ்சம் பெரிய வாக்குறுதி. அளந்து வைத்த காரணிகளைத்தானே நீக்க முடியும்? அளக்காதவை உள்ளேயேதான் கிடக்கும். ‘வயதுக்கு ஈடுசெய்த விகிதம்’ என்று எதை என்பதையும் சேர்த்தே சொன்னால் எப்படி இருக்கும்? வியாழக்கிழமை வகுப்புக்கு முன் யாராவது எழுதினால் நல்லது.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து