யூசிஎல்ஏ டிரான்ஸ்ஃபர் ஹவுசிங்: ஹாலா, சூட்டா, அபார்ட்மென்ட்டா?

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். கூப்பர்டினோ டி ஆன்சா காலேஜ்ல ரெண்டு வருஷம் முடிச்சுட்டு ஃபால்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற யூசிஎல்ஏ யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகுறேன், டிரான்ஸ்ஃபர் பசங்களுக்கு ரெண்டு வருஷம் ஹவுசிங் கேரண்டி இருக்கு, ஆனா எதை ஃபர்ஸ்ட் சாய்ஸா போடுறதுன்னு மண்டை காயுது.

கிளாசிக் ஹால்ங்கிற சாதாரண ஹாஸ்டல்னா விலை கம்மி, ஃபுளோருக்கே பொது பாத்ரூம். பெரும்பாலும் ஃபர்ஸ்ட் இயர் பசங்கதான் இருப்பாங்க, அது ஒண்ணும் தப்பில்ல, ஆனா அவங்க அவங்களுக்குள்ளயே செட் ஆயிடுவாங்க, ஜூனியரா, அதாவது நேரா மூணாவது வருஷத்துக்குப் போற நான் யார்கூட பேசுறது? பிளாசாங்கிற இன்னொரு வகை ஹாஸ்டல்ல பாத்ரூம் ரூமோட இருக்கும் இல்ல பக்கத்து ரூமோட ஷேர், காசு ஜாஸ்தி. சாக்சன், ஹிட்ச்னு ரெண்டு இடத்துல இருக்கிற சூட்ல நடுவுல ஒரு லிவிங் ரூம், ரெண்டு பெட்ரூம், எனக்கு மனசு அங்கதான் போகுது, ஆனா கிச்சன் கிடையாது, மேட்டுல வேற இருக்கு. யுனிவர்சிட்டி அபார்ட்மென்ட்னா கிச்சன் இருக்கு, மீல் பிளான் கட்டாயமில்ல, நான் சுத்த சைவம், சாம்பார் ரசம் நானே வெச்சுக்குவேன். அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. ஆனா கதவை சாத்திட்டா யாரையும் தெரியாமலே ரெண்டு வருஷம் ஓடிடுமோன்னு நிஜமாவே பயமா இருக்கு, அங்க செமஸ்டருக்குப் பதிலா குவார்ட்டர் சிஸ்டம், ஒரு குவார்ட்டரோட பத்து வாரம் கண்ணு மூடி தொறக்குறதுக்குள்ள போயிடும்.

டிரான்ஸ்ஃபரா போய் அங்க தங்கினவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ். அபார்ட்மென்ட்ல இருந்தே ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்களா? டைனிங் ஹால்ல தினமும் சைவம் சாப்பிட்டு சமாளிக்க முடியுமா? மூணு பேர் ரூம்ல படிக்க முடிஞ்சுதா?