நாளைக்கு அகிலாவுக்கு என்ன வேஷம்?

குழு: நம் வீடு
அக்டோபர் 30

இரவு 7:42

நிர்மலா: யாராவது இருக்கிறீர்களா? அவசரம். நாளைக்குப் பள்ளியில் ஹாலோவீனாம். முகத்துக்கு மேக்கப் போட்டு அனுப்ப வேண்டுமாம். அகிலா இப்போதுதான் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தருகிறாள். சீட்டில் போன வாரத் தேதி.

குமார்: மேக்கப் எதற்கு? தூங்கி எழுந்த முகத்தோடு அப்படியே அனுப்பு.

ராஜி: உங்களை அனுப்பினால் முதல் பரிசே கிடைக்கும்.

தீபா: 😂

மாலதி: நிர்மலா, பதறாதே. முதலில் ஒன்று கேள். இனிமேல் கடைக்கு ஓடிப் புதிதாக எதையும் வாங்கி அவள் முகத்தில் பூசாதே. புதுச் சாயம் என்றால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிவிட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும், சிவக்கிறதா, அரிக்கிறதா என்று. நமக்கு இருப்பது ஒரு ராத்திரி. அவளுக்கு ஏற்கெனவே பூசிப் பழகியது என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் செய்ய வேண்டும். என்னென்ன இருக்கிறது சொல்.

நிர்மலா: கண்மை, பவுடர், ஒரு லிப்ஸ்டிக். ஆறு மாதம் முன்னால் நாடகத்துக்குப் பூசிய வெள்ளை முகச்சாயம் பாதி டப்பா.

குமார்: எங்கள் வீட்டில் சுவருக்கு அடித்தது கால் டப்பா மிச்சம்.

மாலதி: விளையாடாதே குமார். இப்படித்தான் யாராவது போஸ்டர் கலரை எடுத்து அப்பிவிடுவார்கள். டப்பாவில் 'நச்சற்றது' என்று போட்டிருந்தாலும் அது தாளுக்கு, தோலுக்கு இல்லை.

தீபா: பூனை போடு நிம்மி. மூக்கு நுனியில் மை, பக்கத்துக்கு மூன்று மீசை. இரண்டு நிமிஷம்.

நிர்மலா: கேட்டுவிட்டேன். பூனை சின்னப் பிள்ளைகளுக்காம். எலும்புக்கூடுதான் வேண்டுமாம்.

தீபா: இவளுக்கு என்ன, எட்டு வயதா எண்பதா?

சந்திரன்: இந்தப் பேய் நாளை யார் கண்டுபிடித்தது?

அரவிந்த்: அயர்லாந்துப் பக்கம் கெல்டிக் மக்கள் கொண்டாடிய சவின் என்கிற பண்டிகையிலிருந்து வந்தது என்பார்கள் அப்பா. அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் இரவு. செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று நம்பிக்கை. வேஷம் போட்டால் ஆவிக்கு நம்மை அடையாளம் தெரியாதாம். பிறகு நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்கள் நாள் ஆனது, அதற்கு முந்தின ராத்திரி இது.

சந்திரன்: கடன்காரனுக்கும் அடையாளம் தெரியாது என்றால் எனக்கும் போட்டுவிடு.

நிர்மலா: அப்பா, பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு குழுவில் எழுதாதீர்கள்.

இரவு 7:58

மாலதி: சரி, எலும்புக்கூடு. கவனமாகப் படி. வெள்ளையை ஈரப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி வை, இழுக்காதே. மெல்லிசாக இரண்டு தடவை. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் அவள் சிரித்த உடனே வாயோரம் வெடித்துவிடும். அதன் மேல் பவுடர். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி விரலால் தொட்டுப் பார், கண்ணைச் சுற்றி எலும்பு விளிம்பு தட்டுப்படும். வட்டத்தை அந்த விளிம்பின் மேல்தான் வரைய வேண்டும். இமையோரம் மை போகவே கூடாது. மூக்கு நுனியில் இதய வடிவத்தைத் தலைகீழாகப் போட்டு நிரப்பு. கன்னத்துக்கு, மீன் மாதிரி வாயை உள்ளே இழுக்கச் சொல், எங்கே குழி விழுகிறதோ அங்கே காதுப் பக்கத்திலிருந்து மையை விரலால் தேய்த்துக் கொண்டு வா. கடைசியில் உதட்டின் குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் சின்னச் சின்ன நெட்டுக் கோடு. அதுதான் பல்.

குமார்: அக்கா மறுபடி வகுப்பு ஆரம்பித்துவிட்டாள்.

தீபா: கண்ணைச் சுற்றி இதழ் இதழாகப் பூ வரைந்தால் அழகாக இருக்கும், கலர் கலராக.

அரவிந்த்: அது ஹாலோவீன் இல்லை. மெக்சிகோவில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் நாள், நவம்பர் 1, 2. பயமுறுத்துவதற்கு இல்லை.

தீபா: சரி சார்.

நிர்மலா: இருட்டில் மின்னும் சாயம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கண்ணைச் சுற்றிப் போடலாமா என்கிறாள்.

மாலதி: வேண்டவே வேண்டாம். அதில் துத்தநாக சல்பைடு இருக்கும். அமெரிக்காவில் எப்போதாவது முகத்தில் பூச அனுமதி உண்டு, ஆனால் கண் பக்கம் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கண் விஷயத்தில் விளையாடக் கூடாது.

சந்திரன்: கண் என்றதும்தான் நினைவு வருகிறது. திங்கட்கிழமை அப்பாவுக்குக் கண் பரிசோதனை. யார் கூட்டிப் போகிறீர்கள்?

குமார்: எனக்கு அன்றைக்குக் கூட்டம் இருக்கிறது அண்ணா.

சந்திரன்: உனக்கு எப்போதும் கூட்டம்தான்.

(குமார் அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது)

சந்திரன்: நீக்குவதற்கு முன்னால் படித்துவிட்டேன்.

நிர்மலா: அத்தை, வெள்ளை டப்பா பாதிதான் இருக்கிறது, போதுமா?

ராஜி: போதாவிட்டால் எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொள். சாயமே இல்லாமல் பேய் முகம் வரும்.

தீபா: அய்யோ அத்தை

மாலதி: 14 வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிரு ராஜி. நேரில் எப்படி இருந்தாய் என்று அன்றைக்கு வந்த யாரையாவது கேள். அந்த ஃபவுண்டேஷனில் சன்ஸ்கிரீன் கலந்திருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு. ஃபிளாஷ் பட்டால் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். முகம் மட்டும் வெளுத்துத் தெரியும், கழுத்து தெரியாது. எனக்கு அப்போது தெரியாது, படம் எடுத்தவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ராஜி: நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணி.

குமார்: அந்த டப்பாவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

மாலதி: அதேவா???

ராஜி: ஞாபகத்துக்கு.

மாலதி: டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடி மாதிரி சின்னப் படம் இருக்கும், உள்ளே 12 என்றோ 24 என்றோ. திறந்த பிறகு அத்தனை மாதம்தான். தயவுசெய்து தூக்கிப் போடு. நிர்மலாவிடம் கொடுத்துவிடாதே.

இரவு 8:19

நிர்மலா: காலை 7:30-க்கு வண்டி வந்துவிடும். யாராவது வந்து போட்டுவிட்டால் புண்ணியம். என் கையில் கோடு நேராக வராது.

மாலதி: ராஜி வரட்டும். அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

ராஜி: அண்ணி போனால் நான் பிடித்துக்கொள்ள வருகிறேன்.

தீபா: இரண்டு பேரும் வந்தால் அகிலா பாவம்.

அரவிந்த்: ரத்தம் வேண்டாமா? சர்க்கரைப் பாகில் சிவப்பு ஃபுட் கலர், ஒரு சிட்டிகை கோகோ பவுடர். கோகோ போடாவிட்டால் ஜாம் மாதிரி இருக்கும்.

மாலதி: கறை இரண்டு நாள் போகாது. வேண்டாம். கழுவும்போதும் எடுத்தவுடனே தண்ணீர் விடாதே நிர்மலா, மை முகமெல்லாம் பரவும். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்துத் துடை, அப்புறம் சோப்பு.

நிர்மலா: அந்தப் பாடம் இப்போதே வேண்டும் போலிருக்கிறது. அகிலாவைக் காணோமே என்று போய்ப் பார்த்தேன்.

(படம்)

தீபா: தாத்தாவா அது!!!

குமார்: அப்பா எப்படி உட்கார்ந்திருக்கிறார் பார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

நிர்மலா: 'அசையாதே தாத்தா, எலும்பு கோணலாகிறது' என்கிறாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாலதி: பல்வரிசை சரியாக வந்திருக்கிறது. இடது கண் மட்டும் இமைக்கு மிகப் பக்கத்தில் போய்விட்டது. உடனே துடை.

ராஜி: மாமாவுக்கு நன்றாக இருக்கிறது. கழுத்தும் தெரிகிறது.

மாலதி: பார்த்தேன் பார்த்தேன்.

நிர்மலா: அப்போது காலையில் யார் வருகிறீர்கள்?

ராஜி: அண்ணி எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?

சந்திரன்: திங்கட்கிழமைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குமார்: பார்க்கலாம் அண்ணா.